இரைச்சல் பாட்டான சரித்திரம்

சுரத்திலும் தாளத்திலும் அடங்கியதே சங்கீதம் என்றும், அவற்றுள் அடங்காத ஒலியெல்லாம் இரைச்சல் என்றும் ஒதுக்கிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். வீணையின் நரம்பிற் பிறந்தால் நாதம் என்பர். ரயில் சக்கரத்திற் பிறந்தால் சத்தம் என்பர். கோயில் மணியிற் பிறந்த ஒலி மங்கலமாகிறது. சமையற்கட்டுச் சட்டியிற் பிறந்த ஒலி தொல்லையாகிறது. இவ்வாறு ஒலிகளுக்குள்ளும் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்து வைத்திருந்த மனிதன், சென்ற இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வேற்றுமையைத் தன் கையாலேயே கலைக்கத் தலைப்பட்டான். தெருவிலும் ரயிலடியிலும் அடுப்பங்கரையிலும் கிடைத்த ஒலிகளைக் கருவியிற் பிடித்து, வெட்டியும் ஒட்டியும் திருப்பியும், அவற்றைக் கொண்டே புதுப் பாட்டுக் கட்டினான். அப்பாட்டு, கேட்போரைக் கனவு நிலைக்கு இழுத்துச் செல்லும் தன்மையதாயிருந்தது. அதன் சரித்திரத்தை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதனூடே யாருடைய ஒலி, யாருடைய உழைப்பு, யாருடைய பெயர் என்ற கேள்வியும் தொடர்ந்து வரும். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அக்கேள்வியை விட்டுச் செல்ல மனம் வரவில்லை.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுதல் நலம். கனவு மயக்கந் தரும் இவ்வகைப் பாட்டை மேனாட்டார் ‘சைக்கடெலிக்’ என்றழைப்பர். 1956-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநோய் வைத்தியர், ஆல்டஸ் ஹக்ஸ்லி என்னும் நூலாசிரியருக்கு வரைந்த கடிதமொன்றில் இச்சொல்லை ஆக்கினார். கிரேக்க மொழியில் மனத்தைக் குறிக்கும் சொல்லையும் வெளிப்படுதலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து, ‘மனத்தை வெளிப்படுத்துவது’ என்று பொருள்பட அமைத்தார். அந்நாளில் அது எல்.எஸ்.டி. முதலான மயக்க மருந்துகளையே குறித்தது. பத்தாண்டுகளுக்குள், அம்மருந்து தரும் மயக்கத்தை ஒத்ததொரு நிலையை ஒலியினால் உண்டாக்க முயன்ற பாட்டுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

மருந்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ் சுளிக்கும் அன்பர்கள் இருப்பர். அவர்களைக் குறை கூறோம். கள்ளும் சாராயமும் எத்தனை தோட்டக் குடும்பங்களின் கூலியை விழுங்கின என்பதை நாமும் அறிவோம். ஆயினும் இப்பாட்டின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். பாடினவர்களிற் சிலர் மயக்க மருந்தை நாடினர் என்பது மெய். ஆனால் அம்மயக்க ஒலியை உண்டாக்கும் வழியைக் கண்டவர்களோ வானொலிப் பொறியியலாளர்களும், கணிதம் பயின்ற பெண்களும், வெள்ளை அங்கியணிந்து கடிகாரம் பார்த்து வேலை செய்த தொழிலாளர்களுமே. அவர்கள் கையிலிருந்தவை கத்தரிக்கோலும் அளவுகோலும் ஒலிப்பதிவு நாடாவும். ஆதலின் இஃது உழைப்பின் சரித்திரமேயன்றிப் போதையின் சரித்திரமன்று.

நிற்க. இக்கலையின் பிறப்பிடம் எது? பாரிஸ் என்று பல நூல்கள் கூறும். அதற்கு நான்காண்டுகள் முன்னரே எகிப்து நாட்டின் கெய்ரோ நகரத்தில் நடந்த ஒரு முயற்சியைப் பலர் மறந்துவிட்டனர். ஹலீம் எல்-தாப் என்னும் இளைஞர் 1921-ல் கெய்ரோவில் பிறந்தவர், பயின்றது விவசாயக் கல்வி, நாட்டமோ இசையில். 1944-ஆம் ஆண்டில் அவர் வானொலி நிலையமொன்றிலிருந்து ஓர் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கினார். அந்நாட் கருவி நாடாவில் அன்று, மெல்லிய உருக்குக் கம்பியில் ஒலியைப் பதிவது. அதைச் சுமந்துகொண்டு ‘சார்’ எனப்படும் சடங்கு நடந்த இடத்திற்குச் சென்றார். பிணியாளரைப் பிடித்த ஆவியைத் தணிக்கும் பொருட்டுப் பெண்கள் கூடிப் பாடி ஆடும் சடங்கு அது. நம்மூர்களிற் பேயோட்டும் உடுக்கடியைக் கேட்டவர்களுக்கு அதன் இயல்பைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

பதிந்த ஒலியோடு அவர் நிலையத்துக்குத் திரும்பினார். அங்கே சுவர்களை நகர்த்தி எதிரொலியைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள அறையொன்று இருந்தது. அவ்வறையில் அக்குரல்களை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, மீண்டும் மீண்டும் பதிந்தார். பாட்டின் சொற்கள் கரைந்தன; அடிநாதம் மங்கிற்று; மேலே மிதக்கும் சாயல் ஒன்றே எஞ்சியது. அதை அவ்வாண்டிலேயே கெய்ரோவின் கலைக்காட்சிக் கூடமொன்றில் மக்கள் கேட்கச் செய்தார். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு நிமிஷ அளவுள்ள பகுதி இன்றும் கேட்கக் கிடைக்கின்றது. தொலைவில் எங்கோ கடலடியிற் பெண்கள் பாடுவது போன்ற உணர்ச்சியை அது தருகின்றது. எல்-தாப் 1950-ல் அமெரிக்கா சென்று, பின்னர் அங்கே ஆசிரியராக விளங்கி, 2017-ல் காலமானார்.

இனிப் பாரிஸுக்கு வருவோம். பியேர் ஷாஃபெர் என்பவர் பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பொறியியலாளர். 1948-ஆம் ஆண்டில் அவர் பாட்டிஞோல் என்னும் ரயிலடிக்குச் சென்று, எஞ்சின்கள் ஊதுவதையும் பெருமூச்சு விடுவதையும் சக்கரங்கள் தண்டவாள இணைப்பின்மேல் தடதடப்பதையும் பதிந்துகொண்டார். அவற்றைக் கொண்டு ஏறக்குறைய மூன்று நிமிஷ உருப்படி ஒன்றை அமைத்தார். அஃதும், அதனோடு சேர்ந்த வேறு நான்கு உருப்படிகளும் அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் தேதி வானொலியில் ‘இரைச்சற் கச்சேரி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒலிபரப்பாயின. அவற்றுள் ஒன்றிற் சமையற் பாத்திரங்களும் இடம்பெற்றன. இவ்வகை இசைக்கு அவர் ‘மியூசிக் கான்க்ரேட்’ என்று பெயரிட்டார். சுரங்களை ஏட்டில் எழுதிப் பின்னர் ஒலியைத் தேடுவது பழைய முறை. கண்கூடான ஒலியைக் கையிலெடுத்து, அதிலிருந்து இசைக்குச் செல்வது இப்புது முறை என்பதே அப்பெயரின் கருத்து.

ஷாஃபெர் கண்ட இரண்டு நுணுக்கங்களை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் வந்த கனவுப் பாட்டெல்லாம் இவ்விரண்டின்மேல் நிற்பனவே.

முதலாவது, மூடிய வரி. அப்போது அவர் கையாண்டது நாடா அன்று, இசைத்தட்டே. தட்டின் வரி சுருளாக உள்நோக்கிச் செல்வது என்பது யாவரும் அறிந்ததே. அவ்வரியை வட்டமாகத் தன்னோடு தானே சேருமாறு வெட்டிவிட்டால், ஊசி அவ்வொரு சுற்றையே ஓயாது சுற்றும். ஒரு விநாடிக்கும் குறைந்த ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். முதன்முறை கேட்கும்போது அது ரயில். பத்தாம் முறை அது தாளம். ஐம்பதாம் முறை கேட்பவன் ரயிலை மறந்து, அதற்குள் இதுவரை செவிப்படாத சிறு ஒலிகளைக் கேட்கத் தொடங்குகிறான். மந்திரம் உருவேற்றுவோரும் தாலாட்டுப் பாடும் தாயும் அறிந்த இரகசியமே இது.

இரண்டாவது, தலை வெட்டிய மணி. மணியை அடிக்கும்போது முதலில் ‘டங்’ என்ற மோதலும், பின்னர் நீண்ட இழைவும் உண்டாகின்றன. அம்மோதலை நீக்கி இழைவை மாத்திரம் கேட்கச் செய்தால், அது மணி என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. குழலோ, காற்றோ, மனிதக் குரலோ என மயங்குவர். ஒலியின் தொடக்கத்தில் உள்ள அந்தச் சிறு பகுதியே பெரும்பாலும் அதன் ஊரையும் பேரையும் நமக்கு அறிவிக்கின்றது. அதை வெட்டிவிட்டால் பழகிய பொருள் பழகாத பொருளாகிறது. மனம் ‘இஃது என்ன?’ என்று தேடத் தொடங்குகிறது. சைக்கடெலிக் பாட்டின் மயக்கம் இத்தேட்டத்திலேதான் பிறக்கின்றது.

தட்டில் மிக்க பாடுபட்டுச் செய்தவற்றை எளிதாக்கியது காந்த நாடா. 1935-ல் ஜெர்மானியர் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மாக்னெட்டோஃபோன்’ என்னும் நாடா இயந்திரத்தைக் காட்டினர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின் அது ஏனைய தேசங்களுக்கும் பரவியது. நாடாவின் பெருமை யாதெனில், அதில் காலம் நீளமாக மாறிவிடுகின்றது. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை விநாடி ஒலி என்பது ஏழரை அங்குலத் துண்டு. அளவுகோலால் அளந்து, சவர பிளேடால் அறுத்து, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இரட்டை வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி தாழும். பின்னோக்கி ஓட்டினால் இழைவு முதலிலும் மோதல் கடைசியிலும் வந்து, ஒலி தன்னைத் தானே விழுங்குவது போலத் தோன்றும். நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் ஷாஃபெரின் மூடிய வரி எளிதிற் கிடைத்துவிடும்.

இவ்வித்தையைத் தினந்தோறும் செய்யும் தொழிலாக்கிய இடம் லண்டன் மாநகரம். 1958-ல் பி.பி.சி. நிறுவனத்தார் மைடா வேல் என்னுமிடத்தில் ‘ரேடியோஃபோனிக் பட்டறை’ ஒன்றை நிறுவினர். நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வேண்டிய புது ஒலிகளை ஆக்கித் தருவது அதன் வேலை. அதை ஏற்படுத்தப் போராடியவர்களுள் முதன்மையானவர் டாஃப்னி ஓரம் என்னும் பெண்மணி. 1962-ல் அங்கே சேர்ந்தவர் டெலியா டெர்பிஷைர். 1937-ல் கவென்ட்ரி நகரிற் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்றவர். அதற்கு முன் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றை அவர் வேலை கேட்டு அணுகியபோது, ஒலிப்பதிவுக் கூடத்திற் பெண்களுக்கு வேலை கொடுப்பதில்லை என்று பதில் வந்தது.

கவென்ட்ரி நகரம் 1940-ல் ஜெர்மானியர் குண்டுவீச்சால் அழிந்ததை உலகறியும். மூன்று வயதுக் குழந்தையாக அவர் கேட்ட அபாயச் சங்கின் ஏற்ற இறக்க ஓலமே தமது இசைக்கு ஒரு வித்தாயிற்று என்று டெலியா பிற்காலத்திற் கூறியுள்ளார். மற்றவர்கள் அஞ்சி மறக்க விரும்பிய ஒலியை அவர் மறவாது வைத்திருந்து, இசையாக மாற்றினார் என்பது எண்ணத்தக்கது.

அவருக்கு மிகப் பிடித்த வாத்தியம் எது தெரியுமா? பச்சை நிறத்தில் ஒரு தகர விளக்கு மூடி! அதைத் தட்டி, எழுந்த ஒலியின் தலையை நீக்கி, இழைவை மாத்திரம் பிரித்தெடுத்து, அவ்விழைவிற் கலந்திருந்த சுரங்களை ஆராய்ந்து, மின்கருவிகளால் அவற்றை மீண்டும் கட்டினார். சகாராப் பாலைவனத்தின் துவாரெக் மக்களைப் பற்றிய படமொன்றிற்கு அவ்வொலியைப் பயன்படுத்தினார். மணற்பரப்பின்மேல் வெப்பம் அலையலையாக நடுங்குவதைக் கண்ணாற் காண்பது போல அது காதிற் படும். 1969-ல் அவரும் அவர் சக ஊழியர் பிரையன் ஹாட்ஜ்சனும், டேவிட் வோர்ஹவுஸ் என்பாருடன் கூடி ‘ஒயிட் நாய்ஸ்’ என்னும் பெயரில் முழு இசைத்தட்டொன்றையே வெளியிட்டனர். நாடா வெட்டிச் செய்த சைக்கடெலிக் பாட்டுக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இதற்கிடையில் இக்கலை வெகுஜனப் பாட்டினுள்ளும் புகுந்துவிட்டது. பீட்டில்ஸ் என்னும் நால்வர் குழுவினர் 1966 ஏப்ரல் 6-ஆம் தேதி லண்டனில் ஒரு பாட்டைப் பதியத் தொடங்கினர். ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்று பின்னர்ப் பெயர் பெற்ற பாட்டு அது. நம் நாட்டுக் கச்சேரிகளிற் போலத் தம்பூராவின் சுருதி அடியில் ஓயாது ஒலிக்க, பாட்டு ஏறக்குறைய ஒரே சுருதிமேல் நிற்கும். அக்குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி தம் வீட்டு நாடா இயந்திரத்தில் பழைய ஒலியை அழிக்கும் பகுதியை நீக்கிவிட்டு, ஒலியின்மேல் ஒலியாக அடுக்கிச் சிறு வளையங்களைச் செய்துகொண்டு வந்தார். மறுநாள் அவற்றுள் ஐந்தைத் தனித்தனி இயந்திரங்களில் ஏற்றினர். வளையம் தளர்ந்துவிடாதபடி, வெள்ளை அங்கியணிந்த ஊழியர்கள் பென்சிலை நுழைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றனர். இருபது வயது ஜெஃப் எமெரிக் ஒலிப்பதிவைக் கவனித்தார். ஜார்ஜ் மார்ட்டின் மேற்பார்த்தார். விசைகளை ஏற்றியும் இறக்கியும் ஐந்து வளையங்களையும் அங்கேயே, அப்போதே கலந்தனர். அக்கலப்பைப் பிறிதொரு முறை அவ்வாறே செய்ய முடியாது. அப்பாட்டிற் கடற்பறவைகள் அலறுவது போலக் கேட்பது, வேகங் கூட்டப்பட்ட மனிதச் சிரிப்பு என்பர்.

பிங்க் ஃப்ளாய்டு என்னும் மற்றொரு குழுவினர் இக்கலையை அடுப்பங்கரைக்கே கொண்டு சென்றனர். 1970-ல் வெளிவந்த அவர்களுடைய தட்டொன்றின் இறுதி உருப்படியில், அக்குழுவின் பயண ஊழியரான ஆலன் ஸ்டைல்ஸ் காலையுணவு சமைக்கும் ஓசைகள் நிரம்பியுள்ளன. பன்றியிறைச்சி பொரிகிறது, குழாயில் நீர் சொட்டுகிறது, அவர் தமக்குத் தாமே முணுமுணுக்கிறார். உருப்படியின் பெயரிலும் ஆலன் பெயர் இடம்பெற்றது. சில தட்டுகளில் அந்நீர் சொட்டும் ஒலியைக் கடைசி மூடிய வரியில் வெட்டியிருந்தனர். கேட்பவர் எழுந்து ஊசியைத் தூக்கும் வரையில் அது சொட்டிக்கொண்டேயிருக்கும். பாரிஸில் ஷாஃபெர் கண்ட வரி இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு வேடிக்கையாகத் திரும்பி வந்தது. 1973-ல் அவர்கள் பணத்தைப் பற்றிப் பாடிய பாட்டின் தொடக்கமும் இத்தகையதே. குழுவைச் சேர்ந்த ராஜர் வாட்டர்ஸின் மனைவியார் மட்பாண்டம் வனைபவர். அவர் களிமண் கலக்கும் கிண்ணத்தில் நாணயங்களை வீசியெறிந்து பதிந்தனர். காகிதம் கிழியும் ஓசையையும் கல்லாப்பெட்டியின் ஓசையையும் சேர்த்தனர். நாடாவை அளவுகோலால் சம அளவிற் துண்டாக்கி ஒட்டி வளையமாக்க, ஏழு எண்ணிக்கையுள்ள தாளமொன்று உண்டாயிற்று. காசின் ஓசையே காசைப் பற்றிய பாட்டுக்குத் தாளம் போட்டது.

இதுவரை கூறியது கலையின் கதை. இனிப் பெயரின் கதையைக் கேட்க வேண்டுகின்றோம்.

தோட்டத்துக் கணக்கில் ‘செக்ரோல்’ என்றொரு புத்தகம் உண்டு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வந்து நின்றவர் பெயருக்கு நேரே அன்றைய வேலை குறிக்கப்படும். அதிற் பெயர் ஏறாதவன் பகலெல்லாம் பாடுபட்டாலும் அன்று அவனுக்குக் கூலி இல்லை. இவ்விசைச் சரித்திரத்தையும் அப்புத்தகத்தைப் பிரிப்பது போலப் பிரித்துப் பார்த்தால் பல இடங்கள் வெறுமையாயிருக்கக் காண்கிறோம்.

1963 நவம்பர் 23-ஆம் தேதி பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடர் தொடங்கியது. அதன் முகப்பிசையை ஏட்டில் எழுதியவர் ரான் கிரெய்னர். அதை ஒலியாக்கியவர் டெலியா. ஒற்றை நரம்பைத் தட்டிய ஒலியையும் சோதனைக் கருவிகளின் மின்னொலியையும் பதிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு துண்டாக நாடாவை அறுத்து ஒட்டி உருவாக்கினார். கேட்டு வியந்த கிரெய்னர், ஆக்கியோர் பெயரிலும் ஊதியத்திலும் அவருக்குப் பங்கு கொடுக்க விரும்பினார். பட்டறையில் வேலை செய்வோர் பெயர் தனியே வெளிவரலாகாது என்பது நிறுவனத்தின் விதி. ஆகவே அது நடவாமற் போயிற்று. டெலியா 2001-ல் இறந்தார். அவர் மறைந்த பின், 267 நாடாச் சுருள்கள் அவர் வீட்டுப் பரணிற் கிடந்தன. அத்தொடரின் முகப்பிசைக்காகத் திரையில் அவர் பெயர் தோன்றியது 2013-ஆம் ஆண்டில். அதாவது, இசை பிறந்து ஐம்பது ஆண்டுகளும், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளும் கழிந்த பின்னர். செக்ரோலில் இவ்வளவு தாமதமாக ஒரு பெயர் ஏறினால் அதை நாம் என்னவென்று சொல்லுவோம்?

பட்டறையில் உழைத்தவர் கதி இதுவாயின், ஒலியைக் கொடுத்தவர் கதி என்ன? கெய்ரோவின் சடங்கிற் பாடிய பெண்களை எண்ணிப் பாருங்கள். உலகின் முதல் நாடாவிசை, கம்பியிசை என்று இன்று போற்றப்படுவதில் ஒலிப்பது அவர்கள் குரல். நிற்பது எல்-தாப் பெயர் ஒன்றே. எல்-தாப் பெயரையாவது மேனாட்டு நூல்கள் நெடுநாள் நினைத்தனவோ என்றால் அதுவும் இல்லை. முன்னே சென்றவரைப் பின்னே வந்தவர் மறக்க, அவர் தமக்குப் பாடியவர்களின் பெயரை விட்டுச் செல்ல, மறதியின்மேல் மறதியாக அடுக்கப்பட்டுள்ளது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. 1964-ல் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் ஆறு கறுப்பின இளைஞர்கள் கொலைக்குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களுள் ஒருவர் டேனியல் ஹாம். போலீஸ் நிலையத்தில் அவரை அடித்தனர். இரத்தம் வெளியே வழிபவர்களை மாத்திரமே வைத்தியசாலைக்கு அனுப்புவதென்று அங்கே கூறப்பட்டதால், தம் காலில் உள்ளுக்குள் கன்றியிருந்த காயத்தைத் தாமே பிதுக்கி, இரத்தத்தை வெளிப்படுத்திக் காட்ட வேண்டியதாயிற்று என்று ஹாம் சொல்லியது நாடாவிற் பதிவாயிருந்தது. அவர்களுடைய மறு விசாரணைக்குப் பொருள் திரட்டும் நிகழ்ச்சிக்காக 1966-ல் ஸ்டீவ் ரைக் என்னும் இசைஞர் அவ்வாக்கியத்தின் ஐந்து சொற்களை வளையமாக்கினார். ஒரே குரலின் இரு வளையங்கள் சேர்ந்தே தொடங்கி, மெல்ல மெல்ல விலகுகின்றன. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகின்றன. ஏறக்குறைய பதின்மூன்று நிமிஷங்களில் சொல் முழுவதும் கரைந்து, ஓர் அலறல் அலையாக மாத்திரம் எஞ்சுகின்றது. கேட்போருக்குத் தலை சுற்றும்.

ஒருவனுடைய துன்பத்தைச் சொல்லும் சொற்களைப் பொருள் தெரியாத ஒலியாகக் கரைப்பது தகுமா என்று கேட்பவர் உளர். அக்கேள்வி நியாயமானதே. நம் அபிப்பிராயம் யாதெனில், வாக்கியம் கரைவதற்கு முன் அது முழுமையாக, தெளிவாக மும்முறை கேட்கப்படுகின்றது. அதன் பயன் அவ்விளைஞர்களின் வழக்குக்கே சென்றது. பேசியவர் டேனியல் ஹாம் என்று இன்றளவும் அப்பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றது. இம்மூன்றும் இருந்தமையாலேயே அவ்வொலி திருட்டாகாமல் சாட்சியாயிற்று. இவை இல்லாதவிடத்து, எவ்வளவு அழகிய பாட்டாயினும் அதன் கணக்கு முடியவில்லை என்றே கொள்ளுவோம்.

இனி, இவற்றால் நமக்கு ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய ஒலி உண்டு என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தெய்வம், உணவு, மரம், புள் என்று ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியர், பறையையும் யாழையும் அவற்றோடு சேர்த்தே எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்றும், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்றும் உரைகாரர் வகுத்தனர். அப்படி நிலத்தின் அடையாளமாக மதிக்கப்பட்ட பறையையே பிற்காலத்தில் இழிந்த ஓசையென்று ஊருக்கு வெளியே நிறுத்தியவர்களும் நம்மவரே. ஓர் ஒலி இரைச்சலா இசையா என்பதைப் பெரும்பாலும் காது முடிவு செய்வதில்லை. அதை எழுப்பும் கை யாருடையது என்பதைப் பார்த்தே மனிதர் முடிவு செய்கின்றனர். விளக்கு மூடியும் ரயில் சக்கரமும் பெற்ற விடுதலை, தப்புக்கும் உறுமிக்கும் நம்மவர் மனத்தில் இன்னும் முழுதும் கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

மலையகத் தோட்டங்களிலும் ஒரு காலத்து ஒலிகள் விரைந்து மறைந்து வருகின்றன. 1960-ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன. இருட்டிற் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்துப் பெரட்டுக்கு அழைத்த ஓசை, காண்டாக்கம்பில் பால்வாளிகள் மோதும் ஓசை, தகரக் கூரைமேல் மழை விழும் பேரிரைச்சல், திருவிழா இரவில் தூரத்து லயத்திலிருந்து வரும் தப்பொலி ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று முதியவர்கள். அவ்வொலிகளை எந்தப் பேரேடும் குறித்து வைக்கவில்லை.

ஷாஃபெருக்கு ஒரு வானொலி நிலையம் வேண்டியிருந்தது. பீட்டில்ஸுக்கு ஐந்து இயந்திரங்களும் அவற்றைப் பிடிக்க ஆட்களும் வேண்டியிருந்தன. இன்று நம் வாலிபர்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே ஒலிபதியும் கருவி. வெட்டவும் ஒட்டவும் திருப்பவும் ‘ஆடாசிட்டி’ போன்ற மென்பொருள்கள் காசின்றிக் கிடைக்கின்றன. செய்முறை கடினமன்று. காற்று ஒலிவாங்கியில் மோதாதவாறு மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, வேண்டிய ஒலியை அருகிற் சென்று இரண்டு நிமிஷமாவது பதிக. பாத்திர ஒலியாயின் மோதலை நீக்கி இழைவை எடுக்க. அதைப் பாதி வேகத்தில் ஒரு முறையும், பின்னோக்கி ஒரு முறையும் கேட்க. நான்கு விநாடி வளையம் ஒன்றையும் ஐந்து விநாடி வளையம் ஒன்றையும் சேர்த்து ஓட்டினால், அவை இருபது விநாடிக்கு ஒரு முறையே முதலிற் கூடியவாறு கூடும். இடையில் ஒவ்வொரு சுற்றிலும் புதுப்புதுச் சேர்க்கை பிறக்கும். அதன்மேல் தம் சொந்தப் பாட்டைப் பாடுக. பிறர் பாட்டின் நகலை மேடையேற்றிக் கைதட்டு வாங்குவதைவிட இது மேலான முயற்சி என்பது நம் துணிபு.

ஒரு நிபந்தனையை மாத்திரம் வற்புறுத்துகின்றோம். பதியுமுன் உரியவரிடம் கேட்டுப் பதிய வேண்டும். எந்த இடம், எந்த நாள், யார் குரல், யார் கை என்பதை உடனே ஒரு நோட்டுப் புத்தகத்திற் குறிக்க வேண்டும். பாட்டு வெளிவரும்போது அப்பெயர்களும் அதனோடு வெளிவர வேண்டும். தாலாட்டுப் பாடிய பாட்டியின் பெயரும், தப்படித்த பெரியவரின் பெயரும், வாளி தூக்கிய அம்மாவின் பெயரும் ஒலியமைத்த வாலிபனின் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். கம்பியும் நாடாவும் ஒலியைக் காத்தன; பெயரைக் காக்கத் தவறின. அக்குறையை நீக்கும் வேலைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பென்சிலும் நேர்மையும் இருந்தாற் போதும்.